ஆலை வாசல், தறி வாசல், வாவிக்கரை: வீடு தேடும்போது நான் ஒப்பிட்ட மூன்று இடங்கள்

மட்டக்களப்பு நகரின் தீவுப் பகுதியான புளியந்தீவில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டை உரிமையாளர் தம் மகளுக்குக் கொடுக்கப் போகிறார். தை பிறப்பதற்குள் அம்மாவும் நானும் வேறிடம் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு 78 வயது. எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஆகவே பால், மீன், மருந்து, கோவில், பஸ் ஆகிய ஐந்தும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பதே என் ஒரே நிபந்தனை.

அப்படியான இடங்களைத் தேடிப்போனால் பழைய தொழிலிடங்களில்தான் போய் நிற்கிறோம். நடந்தே வேலைக்குப் போனவர்கள் வேலைக்குப் பக்கத்தில் நெருக்கமாக வீடு கட்டினார்கள். கடையும் கோவிலும் பள்ளியும் அந்த நெருக்கத்தைத் தேடி வந்தன. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் எனக்குத் தெரிந்த மூன்று இடங்களை எடுத்துக்கொண்டேன்: வாழைச்சேனை கடதாசி ஆலைச் சுற்றாடல், மருதமுனை, இப்போது இருக்கும் புளியந்தீவு. ஹிங்குராணை சீனித் தொழிற்சாலைப் பக்கத்தையும் ஒருவர் சொன்னார். கரும்புத் தோட்டங்களை நம்பி எழுந்த இடம் அது. அங்கே எல்லாம் பரந்து கிடக்கிறது, நடந்தே எல்லாவற்றுக்கும் போய்வர முடியாது. அதை விட்டுவிட்டேன்.

வாழைச்சேனையில் நான் பிறந்தேன். ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்ட ஆலை அது. 1950களின் நடுப்பகுதியில் வேலை தொடங்கியது. சுற்றிலும் நெல்வயல், பக்கத்தில் ரயில் பாதை. அறுவடைக்குப் பிறகு வீணாகும் வைக்கோலைக் கோஸ்டிக் சோடாவில் அவித்துக் கூழாக்கிக் கடதாசி செய்தார்கள். அப்பாவின் சட்டைப்பையைத் தட்டினால் வைக்கோல் துரும்பு விழும். காலைச் சங்கு ஊதினால் அம்மா உலையை இறக்குவார். ஆலை விடுதி வரிசையில் எங்கள் வீட்டுக் கதவும் அடுத்த வீட்டுக் கதவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கடை, விளையாட்டிடம், மருந்து எல்லாம் ஆலை வாசலைச் சுற்றியே இருந்தன. நான் பார்த்த இடங்களில் இதைவிடச் செறிவான குடியிருப்பு வேறில்லை.

போரோடு அந்த ஓட்டம் நின்றது. பிறகு ஆலையை மீண்டும் இயக்க முயற்சிகள் வந்து போயின. சென்ற ஆவணியில் போய்ப் பார்த்தேன். மரநிழல் அப்படியே இருக்கிறது, அமைதி இருக்கிறது, வாடகை மூன்று இடங்களிலும் இங்கேதான் குறைவு. முதுமையில் அமைதி தேடுபவர்கள் பாசிக்குடாக் காற்றோடு அங்கே நன்றாக வாழலாம். ஆனால் ஒரு தேங்காய் வாங்க முச்சக்கர வண்டி பிடித்தேன். ஒரே பெரிய வாசலை நம்பிய நெருக்கம் அது. வாசல் மூடியதும் கடைகள் பிரதான வீதிக்கும் ஓட்டமாவடிப் பக்கத்துக்கும் போய்விட்டன. வீடுகள் மட்டும் இன்னும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பிறந்த இடம் என்பதால் எழுதும்போது நெஞ்சு வலிக்கிறது.

மருதமுனை இதற்கு நேரெதிர். கல்முனைக்கு வடக்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவே, மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் நெசவாளர் ஊர். பெரிய ஆலை எதுவும் ஊரை ஆண்டதில்லை. தொழில் வீட்டுக்கு வீடு இருந்தது: முன்விறாந்தையில் ஒரு தறி, பின்முற்றத்தில் சாயமேற்றிய நூல் காயும் கொடி, திண்ணையில் நூல் சுற்றும் பெண்கள். ஒரு குடும்பம் தறியை நிறுத்தினாலும் தெரு நிற்பதில்லை. அந்த விறாந்தையில் அடுத்த மாதம் ஒரு சில்லறைக் கடையோ தையற்கடையோ வந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான சிறிய வாசல்கள் இருந்தபடியால்தான் இந்த ஊரின் செறிவு இன்றும் உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எனக்குச் சாறத்துணியும் சேலைத்துணியும் தரும் குடும்பத்தின் வீட்டில் ஒரு முற்பகல் முழுவதும் இருந்தேன். தறியில் இருந்த உம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். கால் மிதியை அழுத்த, நீளவாக்கில் கட்டிய நூலான பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கிறது. கை கயிற்றைச் சுண்டியதும் குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா அந்தப் பக்கம் பாய்கிறது. சீப்புப் போன்ற அச்சை இழுத்து அந்தக் குறுக்கு நூலை, ஊடையை, இடிக்கிறார். மறுபடி கால், மறுபடி கை. நடுவில் ஒரு நூல் அறுந்தது. அவர் கண்ணால் தேடவில்லை. உள்ளங்கையைப் பாவின் மீது வைத்து மெதுவாகத் தடவினார், ஓரிடத்தில் விரல் நின்றது, இரண்டு நுனியையும் எடுத்து முடிச்சுப் போட்டார். “மகள், சத்தம் உங்களுக்குத் தலையிடி தருகிறதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையும் அதுதான். என் தையல் இயந்திரத்தின் சத்தம் அந்தத் தெருவில் யாருக்கும் தொந்தரவாக இருக்காது. புளியந்தீவில் இரவு எட்டு மணிக்குப் பின் நான் இயந்திரத்தை மிதிக்கத் தயங்குகிறேன்.

குறைகளும் உண்டு. நிலம் சிறிது, விலை பெரிது. சில இடங்களில் மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே கையை விரித்து நடக்க முடியாது. நூல் விலை ஏறுவதாலும் இயந்திரத் துணி மலிவாக வந்து குவிவதாலும் தறிகள் குறைந்துகொண்டு வருகின்றன. பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தெருவில் நாடாச் சத்தம் கேட்கும் என்று யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை. கிணறும் சாயமிடும் இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வளவுகளில் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடியேறக்கூடாது. கடலோரம் 2004 டிசம்பர் 26 சுனாமியை மறக்கவில்லை. கடற்பக்கத்து வீடு என்றால் அம்மா உள்ளே வரமாட்டார்.

நாங்கள் சைவக் குடும்பம், மருதமுனை முஸ்லிம் ஊர். எப்படி இருப்பாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊரின் தெற்கு எல்லையோடு பாண்டிருப்பு இருக்கிறது. அங்கே தீமிதிப்புக்குப் பெயர்பெற்ற திரௌபதை அம்மன் கோவில். அந்த எல்லைப் பக்கம் வீடு கிடைத்தால் அம்மாவுக்குக் கோவில், எனக்குத் துணி. கல்முனையின் இரண்டு ஆதார வைத்தியசாலைகளும் பஸ்ஸில் சில நிமிடங்கள்தான். இந்த இரண்டு ஊர்களும் நல்ல காலத்தையும் கெட்ட காலத்தையும் பார்த்தவை. நான் துணி வாங்கப் போகும் பதினோரு ஆண்டுகளில் அந்த வீட்டில் தேநீர் குடிக்காமல் திரும்பியதில்லை.

புளியந்தீவின் தொழில் வணிகமும் போக்குவரத்தும். 56 கிலோமீற்றர் நீளமான வாவிதான் ஒரு காலத்தில் ஊரின் பெருந்தெரு. 1924இல் கல்லடிப் பாலமும் 1928இல் ரயிலும் வருமுன்பு நெல்லும் தேங்காயும் தோணியில் வந்து இறங்கின. கிட்டங்கி, அச்சுக்கூடம், நகைப்பட்டறை எல்லாம் சிறிய தீவுக்குள் நெருங்கி நின்றன. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, அண்மைக்காலம்வரை கச்சேரி (மாவட்டச் செயலகம்) இருந்த கோட்டை, ஆனைப்பந்திப் பிள்ளையார் என்று அம்மாவுக்கு வேண்டியதும் வேண்டாததும் பதினைந்து நிமிட நடைக்குள் இருக்கின்றன. போதனா வைத்தியசாலைக்கு முச்சக்கர வண்டியில் சில நிமிடம். என் வாடிக்கையாளர்கள் ஆசிரியைகளும் அலுவலகப் பெண்களும். பள்ளி விட்டதும் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். வசதியை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் வாடகை மூன்றிலும் இங்கேதான் அதிகம், அதிலும் ஆண்டுதோறும் ஏறுகிறது. பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அலுவலகமாகவும் விடுதியாகவும் மாறுகின்றன. எங்கள் தெருவில் இரவில் விளக்கெரியும் வீடுகளை எண்ணினேன்: பதினேழில் ஒன்பது. பகலில் ஊர் நிரம்பி வழிகிறது. காலை ஏழேகாலுக்கும் பகல் ஒன்றரைக்கும் பாலத்தைக் கடக்கவே முடியாது. மாலை ஆறுக்குப் பின் மனித முகம் தேடவேண்டும். இங்கே செறிவு வேலை நேரத்துக்கு மட்டும் வந்து போகிறது. மாரியில் வாவி நிறைந்து, அது கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிடும்வரை முற்றத்து நீர் வடியாது. 2011 ஜனவரி வெள்ளத்தில் அம்மாவைக் கட்டிலோடு தூக்கி மேசைமேல் வைத்தோம். அப்போது உதவிக்கு ஓடிவந்த அடுத்த வீட்டார் இப்போது அங்கில்லை; அது ஒரு நிறுவனத்தின் கிளையாகிவிட்டது.

தண்ணீரிலும் வெள்ளப் பயத்திலும் வாழைச்சேனை விடுதிப் பக்கமே மேல் என்று எனக்குப் பட்டது. வைத்தியத்தில் புளியந்தீவு. வருமானத்தில் உடனடியாகப் பார்த்தால் புளியந்தீவு, மூன்று ஆண்டு தள்ளிப் பார்த்தால் மருதமுனை. துணி பிறக்கும் தெருவில் இருக்கும் தையற்காரிக்கு ஒவ்வொரு சேலையிலும் பஸ் கூலியும் நேரமும் மிச்சம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ளவர்கள் என்னைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், அவர்களுக்குப் புளியந்தீவை விட்டுப்போகக் காரணமில்லை. எனக்கு மருதமுனைதான். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.

முற்பணம் கொடுக்குமுன் மார்கழி மழைக்குள் ஒரு தடவை போகப்போகிறேன். கிணற்று நீரைப் போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். காலை ஆறரைக்கு அம்மாவைப் பாண்டிருப்புக் கோவில் வரை நடத்திக் கூட்டிப்போய், எத்தனை இடத்தில் அவர் இளைப்பாற உட்காருகிறார், அங்கெல்லாம் உட்காரத் திண்ணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.