13பி ரோட்டரியும் 2.85 கியர் டிரைவும்: 6 வருஷம், 510 மணி நேரம் கழிச்சு என் அனுபவம்

எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுற ஹாப்ஸ் மீட்டர் 510 தாண்டிடுச்சு, சரி இப்பவாவது எழுதிடுவோம்னு உக்காந்தேன். 20 மணி நேரம் பறந்துட்டு "சூப்பரா இருக்கு, ஒரு பிரச்சனையும் இல்ல"ன்னு எழுதுறவங்க நிறைய, 500க்கு அப்புறம் எழுதுறவங்க கம்மி, ஏன்னா அதுக்குள்ள பாதிப் பேர் வழக்கமான பிளேன் எஞ்சினான லைகமிங்குக்கு மாறிடுறாங்க, இல்லனா பிளேனையே வித்துடுறாங்க. நான் ரெண்டும் பண்ணல, பிடிவாதம்னு வீட்ல சொல்லுவாங்க. டெக்சஸ்ல ஒரு சின்ன ஏர்போர்ட், தகர ஹேங்கர், அதுல நானே ரிவெட் அடிச்சுக் கட்டுன ரெண்டு சீட்டு ஆர்.வி-7ஏ, மூக்குல ஆர்.எக்ஸ்-8 கார்லேர்ந்து கழட்டுன மாஸ்டா ரெனிசிஸ், அதாவது பிஸ்டனுக்குப் பதிலா ரோட்டர் சுத்துற 13பி எஞ்சினோட புது வெர்ஷன். எஞ்சினைப் பத்தி, ஏபெக்ஸ் சீல் பத்தியெல்லாம் நெட்ல கொட்டிக் கிடக்கு, அதனால அதைத் தொடல. எஞ்சினுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நடுவுல உக்காந்து வேகத்தைக் குறைக்கிற கியர், அதாவது ரிடக்ஷன் டிரைவ் பத்தி மட்டும்தான் இது.

கியர் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. என் ப்ரொப்பெல்லர் 74 இஞ்ச், அதோட நுனி ஒரு சுத்துல கிட்டத்தட்ட 5.9 மீட்டர் போகும். லைகமிங் மாதிரி 2,700 ஆர்.பி.எம்ல சுத்துனா நுனி செகண்டுக்கு 265 மீட்டர், ஓகே. ரோட்டரிக்கு பவர் வர்றதே 6,000க்கு மேல, அந்த 6,000ல கியர் இல்லாம நேரா மாட்டுனா 590 மீட்டர். ஒலியோட வேகமே 340 தான். காதைக் கிழிக்கிற சத்தம் வரும், இழுவை ஒண்ணும் வராது. கியர் போட்ட பிளேன் எஞ்சின் ஒண்ணும் புதுசும் இல்ல, ஸ்பிட்ஃபயர்ல இருந்த மெர்லின் எஞ்சினுக்கே 0.477 கியர்தான் (எஞ்சின் ஒரு சுத்துக்கு ப்ரொப்பெல்லர் 0.477 சுத்து), இன்னைக்கு ஊர் பூரா பறக்குற ரொட்டாக்ஸ் 912ல 100 குதிரைக்கு 2.43, 80 குதிரைக்கு 2.27 (இது தலைகீழ் கணக்கு, ப்ரொப்பெல்லர் ஒரு சுத்துக்கு எஞ்சின் எத்தனை சுத்துன்னு, என் 2.85ம் அப்படித்தான்). ஆனா கியர் எஞ்சினுக்குக் கெட்ட பேரும் உண்டு, செஸ்னா 175 ஞாபகம் இருக்கா, அதுல ஜிஓ-300 எஞ்சின் 3,200ல ஓடணும், ப்ரொப்பெல்லர் 2,400ல சுத்தும், சாதா எஞ்சின் ஓட்டிப் பழகுன பைலட்டுங்க ஐயோ இவ்ளோ சத்தமா கத்துதேன்னு பயந்து த்ராட்டிலைக் குறைச்சுக் குறைச்சே ஓட்டிக் கெடுத்தாங்க, பழி எஞ்சின் மேல விழுந்துச்சு. இந்தக் கதைய ஏன் சொல்றேன்னா நானும் கிட்டத்தட்ட அதே தப்பைத்தான் பண்ணேன், கீழ வருது.

13பிக்கு டிரைவ்னா பேச்சு ட்ரேசி குரூக்லதான் ஆரம்பிக்கும். புளோரிடாக்காரர், ஆர்.வி-4ல 13பி போட்டுப் பல வருஷம் பறந்தவர், ஃபோர்டு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன்ல இருக்கிற பிளானட்டரி கியரை வெச்சு டிரைவ் செஞ்சு மத்தவங்களுக்கும் வித்தார். அதுல 2.17, 2.85ன்னு ரெண்டு ரேஷியோ. என்கிட்ட இருக்கிறது அவரோடது இல்ல, அதே ஐடியாவுல இன்னொருத்தர் தன் ஷாப்ல செஞ்ச 2.85, ப்ராஜெக்டைப் பாதில விட்ட ஒருத்தர்கிட்டேர்ந்து வாங்குனேன். பேர் போடல, ஏன்னா கீழ வர்ற சொதப்பல் முக்காவாசி என்னோடது.

ரேஷியோ பத்தி வாங்குறதுக்கு முன்னாடி யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் ஒண்ணு. பிளானட்டரில நடுவுல இருக்கிறது சன் கியர், அதைச் சுத்தி ஓடுற சின்னக் கியருங்க ஒரு கேரியர்ல இருக்கும், வெளியில வளையமா ரிங் கியர். எஞ்சின் சன்னைச் சுத்தும். கேரியரை அசையாம பிடிச்சுட்டு ரிங்லேர்ந்து பவர் எடுத்தா 2.17, ஆனா ப்ரொப்பெல்லர் எஞ்சினுக்கு எதிர் திசைல சுத்தும். பல்லு எண்ணிக்கை வேற இருக்கிற செட்டுல ரிங்கைப் பிடிச்சுட்டு கேரியர்லேர்ந்து எடுத்தா 2.85, அதே திசை, அதாவது லைகமிங் பிளேன் மாதிரியே. இதுல என்ன இருக்குன்னு தோணும். எங்க ஃபீல்டுலயே 2.17 போட்ட ஒருத்தர் இருக்கார், அவர் பிளேனை ஒரு நாள் ஓட்டக் கொடுத்தார், டேக் ஆஃப்ல த்ராட்டில் தள்ளுன உடனே என் வலது கால் பழக்கத்துல (என் பிளேன் இடது பக்கம் இழுக்கும்) ரடர் பெடலை மிதிச்சுடுச்சு, பிளேனோ ஏற்கனவே வலது பக்கம்தான் இழுத்துட்டு இருக்கு. ரன்வே ஓர விளக்கை அவ்ளோ கிட்டத்துல அன்னைக்குத்தான் பார்த்தேன். அதோட எதிர் திசை ப்ரொப்பெல்லருக்கு சாய்ஸும் கம்மி. 2.85ல டேக் ஆஃப்ல எஞ்சின் 6,000ல கத்தும்போது ப்ரொப்பெல்லர் 2,100ல நிதானமா சுத்துது, க்ரூஸ்ல எஞ்சின் 5,700, ப்ரொப்பெல்லர் சரியா 2,000. வெளியில நிக்கிறவங்களுக்கு ப்ரொப்பெல்லர் சத்தமே கேக்காது, சைலன்ஸர் சத்தம்தான் கேக்கும், அது வேற தலைவலி.

இப்ப மெயின் மேட்டர். டிரைவ் வாங்கும்போது எல்லாரும் கியரைத்தான் பாப்பாங்க, பல்லு எவ்ளோ தடிமன், எத்தனை பிளானட், ஹவுசிங் எவ்ளோ கெட்டின்னு. நானும் அதான் பார்த்தேன். 510 மணி நேரத்துல கியர் பல்லு எனக்கு ஒரு தடவை கூட பிரச்சனை கொடுக்கல. பிரச்சனை பூரா எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல இருக்கிற டேம்பர்ல, உள்ளங்கைல அடங்குற ரப்பர் புஷ்ஷுங்க.

விஷயம் என்னன்னா, எஞ்சின் ஒரு பக்கம் கனமான சக்கரம், ப்ரொப்பெல்லர் இன்னொரு பக்கம் அதைவிடக் கனமான சக்கரம், நடுவுல இருக்கிற ஷாஃப்ட் முறுக்குனா திரும்புற ஸ்பிரிங் மாதிரி. 13பில ரெண்டு ரோட்டர், ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்துனா ரெண்டு தட்டு, அதாவது பெட்ரோல் எரிஞ்சு ரெண்டு உதை. ஊஞ்சலைச் சரியான நேரத்துல மெல்லத் தள்ளித் தள்ளியே கம்பி வரைக்கும் ஏத்திடலாம்ல, அதே மாதிரி இந்தத் தட்டும் அந்த ஸ்பிரிங்கோட ஆட்டமும் ஒரே தாளத்துல வந்துட்டா ஷாஃப்ட்டுல வர்ற முறுக்கம் பல மடங்கு ஏறிடும். எஞ்சின் பவர் எவ்ளோங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்தத் தாளம் பறக்குற ஆர்.பி.எம்ல வந்தா ஷாஃப்ட் உடையும், பல்லு பறக்கும். அதனால நடுவுல வேணும்னே மெத்துன்னு ரப்பர் போட்டு அந்தத் தாளத்தை ஐடிலுக்கு (த்ராட்டில் தள்ளாம எஞ்சின் சும்மா ஓடுற வேகம்) கீழ இறக்கி வெச்சிடுறாங்க. என் செட்டப்ல அது 1,200 பக்கம், செகண்டுக்கு 40 தட்டு. ஸ்டார்ட் பண்ணும்போதும் ஆஃப் பண்ணும்போதும் அதை ஒரு நொடில தாண்டிடணும், அங்க நிக்கக் கூடாது. ஐடில் 1,800ல வைன்னு டிரைவ் செஞ்சவர் எழுதியே கொடுத்திருந்தார்.

நான் எங்க கேட்டேன். 1,800ல வெச்சா தரையில பிளேன் சும்மா இழுத்துட்டே இருக்கும், பிரேக்கை மிதிச்சுட்டே இருக்கணும், பிரேக் சூடாகும், அதனால டாக்ஸி பண்ணும்போது, அதாவது தரையில உருட்டிட்டுப் போறப்ப, 1,200க்கு இறக்கிக்கிட்டேன். சத்தமும் குறையும், கூல் ஆகவும் இருக்கும்னு ஒரு நெனப்பு. 100 மணி நேரம் வரைக்கும் ஒண்ணும் தெரியல. அந்த ஜூலைல விஸ்கான்சின்ல நடக்கிற ஆஷ்காஷ் விமானக் கண்காட்சிக்குப் போனேன், திரும்பக் கிளம்புறப்ப வரிசையில எனக்கு முன்னாடி முப்பது பிளேன், 40 நிமிஷம் அதே 1,200ல நின்னேன், கால் வலிக்குதுன்னு. வீடு வந்து ஆஃப் பண்ணும்போது மூக்குல கடகடகடன்னு ஒரு சத்தம், மாவு கிரைண்டர்ல குழவி எகிறி எகிறி விழுந்தா வருமே அந்த மாதிரி. மறுநாள் எஞ்சின் மேல இருக்கிற மூடி, கவுலிங்கைக் கழட்டிப் பார்த்தா பெல் ஹவுசிங் அடில கருப்பா ஒரு கைப்பிடி துகள், ஸ்கூல்ல ரப்பர் வெச்சு அழுத்தி அழிச்சா நோட்டு மேல கிடக்குமே அதேதான், தொட்டா விரல்ல உருளுது. உள்ள புஷ் எட்டுல அஞ்சு பாதி கரைஞ்சு போச்சு, ஒண்ணு உருகி பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கு. 112 மணி நேரம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா போல்ட்டே உலோகத்துல அடிச்சிருக்கும், அப்புறம் பறக்கும்போது தாளம் எங்க இருக்கும்னு யாருக்கும் தெரியாது.

புது புஷ் செட், ஐடில் 1,800, பிரேக்குக்குப் பெரிய டிஸ்க். அதுக்கப்புறம் 398 மணி நேரம், அதே புஷ்தான் இன்னும். எக்ஸாஸ்ட் துளை ரோட்டர் சுத்துற ஹவுசிங்கோட வெளி வளையத்துல இருக்கிற பழைய பெரிஃபெரல் எக்ஸாஸ்ட் 13பி வெச்சிருக்கிறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், அதோட ஐடிலே பிராப் பிராப்னு விட்டு விட்டு எரியும், கியர் பல்லு முன்னும் பின்னும் அடிச்சுக்கும். ரெனிசிஸ்ல எக்ஸாஸ்ட் சைடுல இருக்கிறதால ஐடில் சாதுவா இருக்கும்.

ரெண்டாவது சொதப்பல் ஆயில். டிரைவுக்குத் தனி ஆயில் கிடையாது, எஞ்சின் ஆயிலே சின்னத் துளை வழியா உள்ள போய் கியர் மேல தெளிச்சு, அடில பெரிய ஹோஸ் வழியா சம்ப்புக்கு (எஞ்சினோட ஆயில் தொட்டி) திரும்பும். போற வழிய எல்லாரும் பொறுமையா கணக்குப் போடுவாங்க, திரும்புற வழிய யாரும் பார்க்க மாட்டாங்க. என் டிரெய்ன் ஹோஸ் ஒரு இடத்துல தொய்ஞ்சு யூ மாதிரி தொங்கிட்டு இருந்துருக்கு, ஆயில் தேங்கி, கியர் அதுலயே நீச்சலடிச்சு சூடாகி, முன்னாடி சீல் வழியா கசிஞ்சது. எப்படித் தெரிஞ்சுதுன்னா ஒரு சாயங்காலம் மேற்கால இறங்கும்போது சூரியன் நேரா விண்ட்ஷீல்டுல பட்டப்ப கண்ணாடி பூரா மெல்லிசா வானவில் கலரு. பக்கத்துல உக்காந்திருந்த வீட்டுக்காரி "என்னங்க, அழகா இருக்குல்ல"ன்னு சொன்னாங்க. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. ஹோஸை நேரா கீழ இறங்குற மாதிரி மாத்துனேன், அவ்ளோதான், போச்சு.

ஆயில் மாத்தும்போதெல்லாம் டிரைவோட மேக்னட் பிளக்கைக் கழட்டிப் பாப்பேன். சாம்பல் கலர் பேஸ்ட் ஒட்டியிருந்தா நார்மல், டிஷ்யூல துடைச்சுட்டுப் போயிடலாம். 300 மணி நேரத்துல ஒரு தடவை பேஸ்ட்டுக்கு நடுவுல நகம் வெட்டுன மாதிரி வளைஞ்ச ஒரு சின்ன இரும்புச் செதில். அன்னைக்கே பிளேனை நிறுத்திட்டு டிரைவைப் பிரிச்சேன், ஒரு பிளானட்டோட த்ரஸ்ட் வாஷர் ஓரம் தேய்ஞ்சு பிய்ஞ்சிருந்துச்சு. இதுல ஒரு சந்தோஷம் என்னன்னா உள்ள இருக்கிறது கார் டிரான்ஸ்மிஷன் பார்ட்டு, ஊர்ல டிரான்ஸ்மிஷன் ரிப்பேர் கடைல போய்க் கேட்டேன், ஷெல்ஃப்லேர்ந்து எடுத்துக் கொடுத்தாங்க, ஒரு ஃபுல் டேங்க் பெட்ரோல் காசு கூட ஆகல. லைகமிங்க்கு ஒரு சிலிண்டர் மாத்துனவங்ககிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, மொறைப்பாங்க.

ப்ரொப்பெல்லர் பத்தி ஒண்ணு. நடுவுல ஒரு மெட்டல் ப்ரொப்பெல்லர் சல்லிசா கிடைச்சது, மாட்டலாம்னு கை அரிச்சது. மாட்டல. ப்ரொப்பெல்லரோட கனம் மாறுனா மேல சொன்ன தாளமும் மாறும், கஷ்டப்பட்டு ஐடிலுக்குக் கீழ வெச்சது வேற எங்கயாவது போய் உக்காரும். ப்ரொப்பெல்லரை மாத்துறதும் டிரைவையே மாத்துறதும் ஒண்ணுதான். என்னோடது உள்ள மரம், வெளில காம்போசிட், லேசானது.

நம்பர் கேப்பீங்க. க்ரூஸ்ல மணிக்கு 9 கேலன் பக்கம் குடிக்குது, பக்கத்து ஹேங்கர்ல லைகமிங் ஓ-320 எஞ்சின் போட்ட ஆர்.வி 8 கேலன்ல முடிச்சுடுது. ஆனா நான் சாதா கார் பெட்ரோல் போடுறேன், ரோட்டரிக்கு ஆக்டேன் பெருசா வேணாம், கேலனுக்கு ஒரு அவுன்ஸ் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கணும், அது கைவேலை. எஃப்.ஏ.ஏல (அமெரிக்க அரசோட விமானத் துறை) இது எக்ஸ்பெரிமென்டல் பிளேன், கட்டுனவங்கிற முறையில ரிப்பேர்மேன் சர்டிஃபிகேட் இருக்கிறதால வருஷாந்திர இன்ஸ்பெக்ஷனை நானே பண்ணிக்கலாம், டெஸ்ட் ஃப்ளைட் மட்டும் லைகமிங் போட்டவங்களுக்கு 25 மணி நேரம்னா எனக்கு 40 கொடுத்தாங்க. அந்த 40ம் ஏர்போர்ட்டையே வட்டமடிச்சேன், தப்பே இல்ல. விக்கப் போனா விலை வராது, அதையும் இப்பவே தெரிஞ்சுக்கோங்க.

வாங்கலாமான்னா, சனிக்கிழமை வந்து சாவிய போட்டுப் பறந்துட்டுப் போறவரா இருந்தா தயவுசெஞ்சு வேணாம், செகண்ட் ஹேண்ட் லைகமிங் வாங்குங்க. ஸ்பானர் பிடிக்கிறதும் பறக்குற மாதிரியே பிடிக்கும்னா வாங்குங்க, ஆனா கியரைப் பத்தி விக்கிறவர் பத்து நிமிஷம் பேசுனா டேம்பரைப் பத்தி இருபது நிமிஷம் கேளுங்க, புஷ் என்ன மெட்டீரியல், எத்தனை மணி நேரத்துல மாத்தணும், ஐடில் எவ்ளோ, எந்தெந்த ப்ரொப்பெல்லர் போட்டுப் பறந்திருக்காங்கன்னு. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா கும்பிட்டுட்டு வந்துடுங்க.

செலவே இல்லாத ஒரு செக் இருக்கு, மாசம் ஒரு தடவை பண்றேன். மெயின் சுவிட்ச் ஆஃப், இக்னிஷன் ஆஃப்பான்னு ரெண்டு தடவை பாத்துட்டு, ப்ரொப்பெல்லர் நுனி பக்கத்துல ஒரு மர ஸ்டாண்டை வெச்சு, நுனிய விரலால மெல்ல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி, தட்டுற ரெண்டு இடத்தையும் ஸ்டாண்டுல பென்சில்ல கோடு போட்டு டேப்ல அளக்குறேன். கியர் ஆட்டம், புஷ் தொய்வு எல்லாம் சேர்ந்து அந்த ஒரே நம்பர்ல வந்துடும். புதுசுல 7 மில்லிமீட்டர். புஷ் கரைஞ்ச அன்னைக்கு 16. போன ஞாயித்துக்கிழமை 9. 12 வந்தா பிரிச்சுடுவேன், அடுத்த செட் புஷ் ஏற்கனவே வாங்கி டூல் பாக்ஸ்ல போட்டாச்சு.