பூர்வீக ஊரைத் தேட: பத்திரமா, பூசாரியா?

டெல்டாவில் சாதாரண உழவர் குடும்பம் ஒன்று எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று தேடக் கிளம்பினால், உருப்படியாகத் தேறுவது இரண்டு வழிதான். ஒன்று சார்பதிவாளர் அலுவலகம், மற்றது குலதெய்வக் கோயில். டி.என்.ஏ. சோதனை செய்யலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பாபநாசம் தாலுகாவா மன்னார்குடி தாலுகாவா என்று அது சொல்லப் போவதில்லை, விட்டுவிடுங்கள்.

எங்கள் வீடு ஒரத்தநாடு பக்கம். புதாற்றில், அதாவது கல்லணைக் கால்வாயில், தண்ணீர் வந்த பிறகு வந்து குடியேறியவர்கள் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு வழியிலும் தேடிப் பார்த்தேன். நான் இப்போது கோயில் கட்சி.

பத்திரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. பழைய கிரயப் பத்திரத்தில் ‘இன்ன தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்’ என்று வாங்குபவருக்கும் விற்பவருக்கும் முழு விலாசம் இருக்கும். வேற்றூரிலிருந்து வந்து நிலம் வாங்கியவர் என்றால் அவருடைய பழைய ஊர் அந்த வரியிலேயே கிடைத்துவிடும். சாட்சிக் கையெழுத்தையும் பாருங்கள், பெரும்பாலும் மச்சானோ பங்காளியோதான். தேதி சந்தேகத்துக்கு இடமில்லாமல் கிடைக்கும். ஆனால் பழைய ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட சர்வே எண் வேண்டும். 1980இல் கர்ணம் (கிராமக் கணக்கர்) பதவி போனதோடு, எந்த வயல் யாருடையது என்று வாயாலேயே சொல்லக்கூடிய ஆளும் போய்விட்டார்.

இதெல்லாம் சின்னத் தொந்தரவு. காகிதத்தில் யார் பெயர் ஏறியது என்பதுதான் உண்மையான சிக்கல். டெல்டாவில் நிலம் மிராசுதாரிடமும் கோயிலிடமும் மடத்திடமும் இருந்தது. உழுதவர் குத்தகைக்கோ, விளைச்சலைப் பங்கிடும் வாரத்துக்கோ பயிர் வைத்தார், இல்லையென்றால் பண்ணையாள். பேச்செல்லாம் வாய்ப்பேச்சுதான். தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. குத்தகைதாரர் பெயரைப் பதிந்துவைக்கும் பதிவேட்டுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. அதற்கு முன் மூன்று தலைமுறை ஒரே வயலை உழுதிருந்தாலும் பத்திரத்தில் அந்தக் குடும்பத்தைப் பார்க்க முடியாது. தாத்தா முதன்முதலாக வாங்கிய பத்திரத்தோடு எங்கள் காகிதமும் நின்றுவிட்டது. அவர் எழுதிக்கொடுத்த ஊர்கூட நடுவில் தங்கிய ஊர்தான், பூர்வீகம் இல்லை.

நிலம் இல்லாதவனுக்கும் குலதெய்வம் உண்டு. ஊர் மாறும்போது பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து புது ஊரில் சாமியை வைப்பார்கள். ஆகவே இப்போது நீங்கள் கும்பிடும் கோயில் கடைசி நிறுத்தமாக இருக்கலாம். கோயில் எத்தனை வருஷப் பழமை என்று கேட்டால் பூசாரி ஆயிரம் வருஷம் என்பார். பிடிமண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், ஊர்ப் பெயர் வரும். அந்த ஊருக்குப் போய் அதையே கேளுங்கள். எங்கள் வீரனார் இப்படித்தான் எங்களைப் படிப்படியாகக் கும்பகோணத்துக்குக் கிழக்கே கொண்டுபோய் விட்டார்.

அங்கே கிடைத்தது கோயில் வரி நோட்டு. நீளவாக்கில் கட்டிய கணக்கு நோட்டு, ஊர்வாரியாகத் தலைக்கட்டு, அதாவது வரி கட்டும் குடும்பங்கள், எழுதியிருந்தது. இறந்தவர் பெயரைக் கோடு போட்டு அடித்து, பக்கத்திலேயே மகன் பெயர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே பக்கத்தில் நாலு கோவிந்தராசு. மேலவீட்டார், கொல்லைமேட்டார் என்று வீட்டுப் பெயர் போட்டிருந்ததால் பிழைத்தேன். வரி பாக்கி வைத்தவர்களின் ஊர்தான் ரொம்பத் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. வசூலுக்குப் போக வேண்டுமே!

கோயில் வழியில் தேதி கிடைக்காது. ‘பெருவெள்ளத்துக்கு அப்புறம் போனாங்க’ என்பார்கள். அது 1924 வெள்ளமா என்று நாம்தான் தோண்ட வேண்டும். நான் கேட்ட விதம் இது: மேட்டூர் அணை கட்டுவதற்கு முன்பா பின்பா, நாகப்பட்டினத்தை அடித்த 1952 புயலுக்கு முன்பா பின்பா? அணை வேலை முடிந்தது 1934இல். எங்கள் புதாறு அந்தத் திட்டத்தில் வெட்டியதுதான். வானம் பார்த்த மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் வந்ததும் பழைய டெல்டாவிலிருந்து ஆட்கள் நகர்ந்ததற்குக் காரணம் சொல்லவா வேண்டும்? இங்கேதான் பத்திரம் கைகொடுக்கும், தாத்தாவின் பத்திரத் தேதியை வைத்து மேல்வரம்பு கட்டலாம்.

இன்னொன்று, மாமனார் ஊரில் தங்கிவிட்டவர்கள் அந்த ஊர்ச் சாமியையே ஏற்றுக்கொண்டதும் உண்டு. அப்படியானால் பிடிமண் சங்கிலி பாட்டி வழியில்தான் போகும், தாத்தா வழி தனியாகத் தேட வேண்டும். சாதாரணமாகவே பெண் வழி இதில் விட்டுப்போகும். அம்மாவின் பிறந்த வீட்டுக் கோயிலுக்கும் ஒரு நடை போய்விடுங்கள்.

கடல் தாண்டிப் போன கிளைகளைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனவர்களை நான் தேடியதில்லை. மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர் என்றால் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. அந்த ஒரு கிளைக்கு மட்டும் காகிதம்தான் முதல் வழி என்பேன்.

கோயிலுக்குப் போகிறவர்கள் மகா சிவராத்திரிக்குப் போகாதீர்கள். பங்காளிகள் எல்லோரும் கிடைப்பார்கள், ஆனால் யாரிடமும் உட்கார்ந்து பேச முடியாது. நோட்டும் பெரும்பாலும் பூசாரியிடம் இருக்காது, வரி வசூலிக்கும் காரியஸ்தர் வீட்டில் இருக்கும். சாதாரண நாளில் போய், உங்கள் தலைக்கட்டுப் பாக்கியை முதலில் கட்டிவிட்டு அப்புறம் நோட்டைக் கேளுங்கள்.