பழைய மொபைல் ஹோம் யார் கட்டியது என்று கண்டுபிடித்துத் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். 189 டாலர் போச்சு!

189 டாலர். "ரீஃபண்ட் கிடையாது" என்று இன்று காலைதான் கடைசி மெயில் வந்தது. வயிறு எரிகிறது, அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன்.

டெக்சாஸில் பழைய சிங்கிள்வைட் (ஆலையில் ஒரே துண்டாகக் கட்டி இழுத்து வரும் மொபைல் ஹோம்) ஒன்றுக்கு இன்சூரன்ஸ் போட வேண்டும். கட்டிய கம்பெனி, ஆண்டு, சீரியல் எண், மூன்றும் கேட்டார்கள். வீட்டில் ஒரு தாளும் இல்லை. கூகுளில் தேடினால் முதலில் வந்தது, வீட்டில் இருக்கும் எண்ணைக் கொடுத்தால் தயாரிப்பாளரைச் சொல்வதாக விளம்பரம் போட்டிருந்த ஓர் இணையதளம். பெயர் சொல்லப் போவதில்லை.

போனில் பேசிய பெண் விஷயம் தெரிந்தவர் போலத்தான் பேசினார். கிச்சன் கப்போர்டுக்குள், மெயின் எலக்ட்ரிக் பெட்டிக்குப் பக்கத்தில், பெட்ரூம் க்ளாசெட்டில் டேட்டா பிளேட் என்ற விவரத் தாள் ஒட்டியிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். சரியான கேள்வி. கம்பெனி பெயர், ஆலை முகவரி, சீரியல், தயாரித்த தேதி எல்லாம் அந்த ஒரு தாளில்தான் இருக்கும். கப்போர்டையே யாரோ பிடுங்கிப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், தாள் இல்லை என்றேன். "கவலைப்படாதீர்கள், ஹிட்ச்சில் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அது போதும்" என்றார். ஹிட்ச் என்றால் வீட்டை வண்டியில் மாட்டி இழுக்கும் முன்பகுதி இணைப்பு. அந்த "போதும்"தான் என்னைக் கவிழ்த்தது. கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டேன்.

1976 ஜூன் 15-இல் மொபைல் ஹோம் கட்டுவதற்கான ஹட் எனப்படும் அமெரிக்க வீட்டுவசதித் துறையின் விதிகள் நடைமுறைக்கு வந்தன. சீரியல் எண்ணை ஹிட்ச்சிலோ இழுவைக் கம்பியிலோ அடிக்கவே கூடாது என்று அந்த விதியில் எழுதியே இருக்கிறது. ஏனென்றால் ஹிட்ச் கழற்றி மாற்றக்கூடிய பாகம். அதில் இருக்கும் எண் ஹிட்ச் செய்தவன் எண்ணாக இருக்கலாம், வீட்டின் எண் அல்ல. அந்தப் பெண் கேட்டது அதைத்தான்!

மூன்றாம் நாள் "சான்றிதழ்" வந்தது. தங்க நிறப் பார்டர், முத்திரை வேறு. தயாரித்த ஆண்டு 1974, அதற்குக் கீழேயே ஹட் லேபிள் (அந்த விதிப்படி கட்டியதற்கான தகடு) எண். 1974-இல் ஹட் லேபிளே கிடையாது! இன்சூரன்ஸ்காரர் ஒரே பார்வையில் திருப்பி அனுப்பிவிட்டார்.

புகார் கொடுத்தால் முதலில் "48 மணி நேரத்தில் பதில் வரும்". அப்புறம் "நீங்கள் தவறான எண்ணை அனுப்பிவிட்டீர்கள்". கேட்டதே நீங்கள்தானே என்றால், "டிஜிட்டல் சேவை, பணம் திரும்ப வராது". போன் எடுப்பதே இல்லை. 189 டாலருக்கு ஒரு வெற்றுத்தாள்.

உண்மையில் எண் இருந்தது வீட்டுக்கு அடியில். ஹிட்ச் பக்கம், வீட்டின் அடிப்பகுதியை மறைக்கும் ஸ்கர்ட்டிங்கில் ஒரு பேனலைக் கழற்றி டார்ச் அடித்தால், ஃப்ரேமின் முதல் குறுக்கு இரும்பு தெரியும். அதில்தான் சீரியலை அடித்திருப்பார்கள், எழுத்து குறைந்தது முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8 அங்குல உயரம். துரு மூடியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, மேலே வெள்ளைச் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால், அடித்த பள்ளம் மட்டும் கறுப்பாக நிற்கும். கிரைண்டர் வேண்டாம், எழுத்தே போய்விடும். டபுள்வைடாக (இரண்டு பாதியாக வந்து சேர்க்கும் வீடு) இருந்தால் இரண்டு பாதியையும் பாருங்கள், கடைசியில் ஏ, பி என்று வித்தியாசம் இருக்கும்.

இன்னொரு தடயம் சிவப்பு உலோகத் தகடு, அதுதான் ஹட் லேபிள். 2 அங்குலத்துக்கு 4 அங்குலம், ஹிட்ச்சுக்கு நேரெதிர் முனையில், வீட்டுக்குள் இருக்கும் ஃப்ளோர் மட்டத்திலிருந்து சுமார் ஓர் அடி உயரத்தில் வெளிச்சுவரில் ரிவெட் அடித்திருக்கும். மூன்று எழுத்து, பிறகு எண்கள். பிற்பாடு வினைல் சைடிங் (வெளிச்சுவர் மேல் போடும் பிளாஸ்டிக் பலகை) போட்டிருந்தால் அதற்குள் மறைந்திருக்கும், இங்கே அப்படித்தான் இருந்தது.

சீரியலோ தகடு எண்ணோ கிடைத்தால் டெக்சாஸ் அரசின் வீட்டுவசதித் துறைத் தளத்தில் உரிமைப் பதிவைத் தேடலாம். பைசா செலவில்லை, தயாரிப்பாளர் பெயரும் அதிலேயே இருக்கும். தகடே இல்லை என்றால் ஹட் லேபிள் பதிவுகளை வைத்திருக்கும் ஐபிடிஎஸ் (IBTS) என்ற அமைப்பிடம் சீரியலைக் கொடுத்து லேபிள் சரிபார்ப்புக் கடிதம் கேட்க வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு, ஆனால் கடன் கொடுப்பவர்கள் ஏற்பது அந்தக் கடிதத்தைத்தான்.

அவசரமாக இன்னும் சில. தொலைந்த சிவப்புத் தகட்டை ஹட் மறுபடி தராது, "டூப்ளிகேட் தகடு" விற்கிறேன் என்பவன் பித்தலாட்டக்காரன். 1976 ஜூனுக்கு முந்தைய வீட்டுக்கு ஹட் எண் தருகிறேன் என்றாலே போனை வைத்துவிடுங்கள். ஹிட்ச் எண் கேட்டாலும் அப்படியே. கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்தில் டிஸ்ப்யூட் போடுங்கள். 189 டாலருக்கு நான் இன்று போட்டுவிட்டேன்.