பில்லில் அகேட், அரைத்தது டங்ஸ்டன் கார்பைடில்: பாறை மாதிரி அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

பாறை மாதிரிகளைத் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பி, அரைத்து, பகுப்பாய்வு செய்து வாங்குகிற ஆராய்ச்சி மாணவர்கள், குவாரிக்காரர்கள், சின்ன அளவில் கன்சல்டன்சி நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஆய்வகத்தின் பெயரைப் போடவில்லை. பெயரைப் போட்டால் அந்த ஒரு இடத்தை மட்டும் தவிர்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். எனக்கு நடந்தது எந்த ஊர் அரைவை அறையிலும் நடக்கக்கூடியது.

விஷயம் இதுதான். கொட்டேஷனில் "அகேட் ரிங் மில், 200 மெஷ்" (அகேட் கல்லால் ஆன வளைய அரைவை, 200 மெஷ் சல்லடையில் சலிக்கிற அளவு நைசாக) என்று தெளிவாக எழுதி, அகேட்டுக்கென்று மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணமும் வாங்கிக்கொண்டு, என் கற்களை டங்ஸ்டன் கார்பைடு மில்லில் அரைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் சரியாகச் சுத்தம் செய்யாமல்.

"எதில் அரைத்தால் என்ன, பொடி பொடிதானே" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் துறையிலேயே கேட்டார்கள். என் வேலை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில். சந்திரயான்-2 தரையிறங்கியையும் ரோவரையும் சோதிக்க, நிலவு மண்ணுக்கு மாற்றாக இஸ்ரோ பொடியாக்கியது இந்தப் பக்கத்து அனார்த்தோசைட்டைத்தான். 250 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட கல். பெரும்பகுதி கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ் கனிமம் என்பதால் வெள்ளையாக இருக்கும். அதன் நடுவே கறுப்புப் பட்டைகளாகக் குரோமிடைட் (குரோமைட் கனிமம் மிகுந்த கல்) ஓடும். வெள்ளைக் கல்லில் குரோமியம் சில பத்து பிபிஎம்தான் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). கறுப்புப் பட்டையிலோ லட்சக்கணக்கில். இரண்டுக்கும் இடையில் குரோமியம் எப்படிப் பங்காகியிருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சிக் கேள்வியே. அதாவது, ஒன்று மற்றொன்றில் துளி கலந்தாலும் என் கேள்விக்கு விடை கிடைக்காது.

மில் விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எந்தப் பாத்திரத்தில் அரைத்தாலும் பாத்திரம் கொஞ்சம் தேய்ந்து பொடியில் சேரும். குரோம் ஸ்டீல் மில் என்றால் இரும்பும் குரோமியமும் சேரும். டங்ஸ்டன் கார்பைடு என்றால் டங்ஸ்டனும், அதைப் பிணைக்கப் போடுகிற கோபால்ட்டும் சேரும், டாண்டலம், நயோபியம்கூட வரும். அகேட் வெறும் சிலிக்கா. கல்லில் ஏற்கெனவே நாற்பது ஐம்பது சதவீதம் இருக்கிற பொருளே இன்னும் துளி சேர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அகேட் விலை அதிகம், கீழே விழுந்தால் உடையும், எடை குறைவு என்பதால் மெதுவாகத்தான் அரைக்கும். டங்ஸ்டன் கார்பைடு ஒன்றிரண்டு நிமிடத்தில் முடித்துவிடும். அதனால்தான் அகேட்டுக்குத் தனிக் கட்டணம், அதனால்தான் கட்டணத்தை வாங்கிக்கொண்டு மற்றதில் அரைக்கிற ஆசையும் வருகிறது.

முதல் சந்தேகம் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே வந்தது. மீதிப் பொடியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதே கல்லில் நான் துறையில் இருக்கிற அகேட் உரலில் கையால் இடித்த பொடி கொஞ்சம் கைவசம் இருந்தது. இரண்டையும் வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பார்த்தேன். என்னுடையது கோலமாவு மாதிரி பளிச்சென்று இருந்தது. அவர்களுடையது லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. தனியாகப் பார்த்திருந்தால் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

அப்புறம் ரிப்போர்ட் வந்தது. மாதிரிகளோடு இரண்டு ஒற்றர்களையும் அனுப்பியிருந்தேன். ஒன்று, சுத்தமான குவார்ட்ஸ் துண்டுகள், மற்றவை மாதிரியே எண் போட்டு. இன்னொன்று, ஒரே அனார்த்தோசைட்டை இரண்டாக உடைத்து இரண்டு வேறு எண்களில். இதை நம்பிக்கையின்மை என்று சிலர் வருத்தப்படுவார்கள். இந்தத் தொழிலில் இது பழைய வழக்கம். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை வெஸ்டர்லி கிரானைட்டையும் சென்டர்வில் டயபேஸையும் ஜி-1, டபிள்யூ-1 என்று பொடியாக்கிப் பல ஆய்வகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. 1951-ல் முடிவுகள் வெளியானபோது, ஒரே பொடிக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண்கள் மாறியிருந்தன. அங்கே எல்லோருக்கும் போனது ஏற்கெனவே அரைத்த அதே பொடி. அரைவையும் ஆய்வகத்தின் கையில் என்றால் இன்னும் எவ்வளவு மாறும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் குவார்ட்ஸில் டங்ஸ்டன் அறுநூறு பிபிஎம்மைத் தாண்டியிருந்தது. இயல்பாக ஒன்றுகூட இருக்கக் கூடாத பொருள். வெள்ளைக் கற்களில் நூற்றுச் சொச்சம். குவார்ட்ஸ் பிளாஜியோகிளேஸைவிடக் கடினம், பாத்திரத்தைக் கூடுதலாகத் தேய்க்கும், ஆகவே அதில் அதிகமாக இருப்பதும் கணக்குக்குச் சரியாகவே பொருந்தியது. டங்ஸ்டன் ஏறிய இடமெல்லாம் கோபால்ட்டும் கூடவே ஏறியிருந்தது.

இதைவிட மோசம் இரட்டை மாதிரி. ஒரே கல்லின் ஒரு பாதியில் குரோமியம் 41 பிபிஎம், மறு பாதியில் 284. எந்த வரிசையில் அரைத்தார்கள் என்று பார்க்க அவர்களுடைய ஜாப் ஷீட்டைக் கேட்டு வாங்கினேன். 284 வந்த பாதிக்கு நேர் முன்னால் அரைத்தது குரோமிடைட். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். குரோமிடைட்டில் குரோமிக் ஆக்சைடு 35 சதவீதம் என்று வைத்தால் அதில் உலோகக் குரோமியம் ஏறக்குறைய 24 சதவீதம். அந்தப் பொடி அடுத்த மாதிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தால் 240 பிபிஎம். 50 கிராம் பாத்திரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 50 மில்லிகிராம், ஒரு சிட்டிகைகூட இல்லை. 41-க்கும் 284-க்கும் உள்ள வித்தியாசம் 243.

போனில் பேசிப் பயனில்லை என்று நேரிலேயே போனேன். முன்பக்கம் ஏசி அறை, கண்ணாடிக் கதவு, தனிமங்களை அளக்கிற ஐசிபி-எம்எஸ் கருவிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிற மாதிரியான இடம். அரைவை அறை பின்னால், தகரக் கொட்டகை. ஜா கிரஷர் ஒன்று, ரிங் மில் ஒன்று, ஒரு ஏர் கம்ப்ரஸர், பெயின்ட் பிரஷ். வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர்தான், காதில் பஞ்சு வைத்திருந்தார்.

"அண்ணா, அகேட் ஜாடி எது?" என்று கேட்டேன்.

"அது உடைஞ்சு ரொம்ப நாளாச்சும்மா. புதுசு சொல்லியிருக்காங்க, இன்னும் வரல."

"அப்ப எங்க சாம்பிள் எல்லாம்?"

"எல்லாருக்கும் இதுதாம்மா" என்று ரிங் மில்லைக் காட்டினார். அதன் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தேன், தூக்க முடியவில்லை. அந்தக் கனத்துக்கு அகேட் இருக்க வாய்ப்பே இல்லை.

நடுவில் எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்றதற்குக் காற்றடித்து, பிரஷ்ஷால் துடைப்பேன் என்றார். முந்தைய கல்லின் மிச்சம் போக, குவார்ட்ஸ் போட்டு ஒரு சுற்று அரைத்துக் கொட்டுகிற வழக்கம் உண்டா என்றேன். "அதுக்கெல்லாம் நேரம் குடுக்க மாட்டாங்கம்மா." அவர் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அவர் ஒருவர்தான் அந்தக் கட்டடத்தில் உண்மையைச் சொன்னார்.

இன்னொன்றும் அங்கே கண்ணில் பட்டது. நொறுக்கிய கல்லைப் பங்கு பிரிக்க ரிஃபிள் ஸ்ப்ளிட்டர் என்று ஒன்று உண்டு, மூலையில் தூசி படிந்து கிடந்தது. அண்ணன் டிரேயில் குவிந்த நொறுக்கலின் மேலிருந்து கரண்டியால் அள்ளி மில்லில் போட்டுக்கொண்டிருந்தார். குரோமைட்டின் அடர்த்தி நான்கரை, பிளாஜியோகிளேஸ் 2.7. டிரேயை நகர்த்தி வைக்கும்போதே கறுப்பு மணிகள் அடியில் இறங்கிவிடும். மேலே அள்ளினால் கல்லின் வெள்ளைப் பகுதிதான் அரைவைக்குப் போகும். ஸ்ப்ளிட்டர் இல்லையென்றால் குவியலைக் கூம்பாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்குகளைச் சேர்க்கிற பழைய முறையாவது செய்யலாம். அதற்கு ஒரு தார்ப்பாயும் மண்வாரியும் போதும்.

மேனேஜர் வந்தார். "மேடம், ரிசர்ச்சுக்கு இந்த அளவு கன்டாமினேஷன் எல்லா லேப்லயும் இருக்கும்" என்றார். அகேட் கட்டணம் வாங்கினீர்களே சார் என்றேன். "அது பேக்கேஜ் ரேட்" என்றார். குரோமிடைட்டில் குரோமியம் மூன்று சதவீதம் என்று ரிப்போர்ட் சொல்கிறதே, பாதிக்கு மேல் கறுப்பாக இருக்கிற கல்லில் இது எப்படி என்று கேட்டதற்கு, "மெஷின் காட்டுறததான் நாங்க தர்றோம்."

மெஷின் பொய் சொல்லவில்லை, அதில் அவர் சொன்னது சரிதான். அதற்கு ஊட்டியதுதான் தப்பு. ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக், பெர்குளோரிக் அமிலங்களைத் திறந்த பாத்திரத்தில் ஊற்றிச் சூடாக்கினால் பெரும்பாலான சிலிக்கேட் கனிமங்கள் கரையும், குரோமைட் பெரும்பாலும் கரையாது. அடியில் கறுப்பு மணலாக உட்கார்ந்திருக்கும். அதை வடிகட்டி எறிந்துவிட்டு, தெளிந்த நீரை மெஷினுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் என் இரட்டை மாதிரியில் உண்மையில் கலந்தது நான் போட்ட ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கைவிட அதிகமாகவே இருக்கும். சோடியம் பெராக்சைடு போன்ற பொருளோடு உருக்கித்தான் அதைக் கரைக்க வேண்டும். கிரானைட் அனுப்புகிறவர்களும் கவனியுங்கள், சிர்க்கோனியமும் ஹாஃப்னியமும் இருக்கிற சிர்க்கான் கனிமத்துக்கும் இதே கதிதான். உங்கள் சிர்க்கோனியமும் ஹாஃப்னியமும் விநோதமாகக் குறைந்திருந்தால் முதலில் கேட்க வேண்டியது எப்படிக் கரைத்தீர்கள் என்று. உருக்கினோம் என்றால், எந்தப் பாத்திரத்தில் என்றும் கேளுங்கள். சிர்க்கோனியம் குரூசிபிளில் உருக்கிவிட்டு சிர்க்கோனியம் எண் தருகிறவர்களும் இருக்கலாம்.

மேஜர் ஆக்சைடுகளின் (சிலிக்கா, அலுமினா மாதிரி கல்லின் பெரும்பகுதியான பொருள்களின்) அட்டவணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா மாதிரிக்கும் கூட்டுத்தொகை 100.00 என்று வந்திருந்தது. நேர்மையாக அளந்தால் 99-ம் வரும், 100.6-ம் வரும். எல்லாமே அச்சு அசலாக நூறு என்றால், ஒன்று சிலிக்காவை அளக்காமல் நூறிலிருந்து கழித்து எழுதியிருக்கிறார்கள், இல்லையென்றால் நூறாகச் சமன் செய்துவிட்டுச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஹைட்ரோஃபுளோரிக் போட்டுத் திறந்து சூடாக்கினால் சிலிக்கா ஆவியாகிப் போய்விடும் என்பது இளநிலை மாணவருக்குக்கூடத் தெரியும்.

நான் எழுத்தில் புகார் கொடுத்ததும், பதிலுக்கு, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தருகிற என்ஏபிஎல் அமைப்பின் சான்றிதழ் ஸ்கேன் வந்தது. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாக ஒட்டுகிற முத்திரை இல்லை. ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 என்ற ஆய்வகத் தரநிலைப்படி, எந்தப் பொருளில் எந்தச் சோதனை, எந்த முறையில் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது. பட்டியல் என்ஏபிஎல் தளத்திலேயே கிடைக்கும், யாரும் பார்க்கலாம். பார்த்தேன். குடிநீர் இருந்தது, சிமென்ட் இருந்தது, ஜல்லி இருந்தது. பாறையில் சுவடு தனிமங்கள் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. வாசலில் மாட்டியிருக்கிற லோகோ மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

நல்லவேளையாக ஒவ்வொரு கல்லிலும் பாதி என்னிடம் இருக்கிறது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். 1997-ல் கனடாவின் பிரி-எக்ஸ் நிறுவனத்தின் புசாங் தங்கச் சுரங்க மோசடி வெளியானது நினைவிருக்கலாம். இந்தோனேசியக் காட்டில் துளையிட்டு எடுத்த பாறைத் தண்டைப் பாதி வெட்டி வைக்காமல் முழுவதையும் நொறுக்க அனுப்பினார்கள், நொறுக்கிய பைகளில் வெளித்தங்கம் தூவப்பட்டது. பக்கத்திலேயே ஃப்ரீபோர்ட் புதிதாகத் துளையிட்டுப் பார்த்தபோதுதான் தங்கமே இல்லை என்று தெரிந்தது. என் கதை அந்த அளவுக்குப் பெரியது இல்லை, இங்கே யாரும் தங்கம் தூவவில்லை, சோம்பலும் காசாசையும்தான். ஆனால் பாதிக் கல் கையில் இல்லாதவருக்கு இரண்டுமே ஒன்றுதான், நிரூபிக்க எதுவும் மிஞ்சாது.

இனி அனுப்புகிறவர்கள் பணம் கட்டும் முன் சிலவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள். மில் எந்தப் பொருளால் ஆனது, நடுவில் குவார்ட்ஸ் சுற்று உண்டா, எந்த வரிசையில் அரைப்பார்கள். வெளிறிய கற்களை முதலில், தாதுக் கற்களைக் கடைசியில் அரைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில் போய் அந்தக் கொட்டகையைப் பாருங்கள், கண்ணாடி அறையைப் பார்க்க வேண்டியதே இல்லை. மீதிப் பொடியும் நொறுக்கலும் திரும்பி வர வேண்டும். மாதிரி எண்ணைப் பைக்கு வெளியே மார்க்கரில் எழுதினால் மட்டும் போதாது, உள்ளேயும் ஒரு சீட்டுப் போடுங்கள், தூசியில் மார்க்கர் அழிந்து என் இரண்டு பைகள் பெயரில்லாமல் திரும்பின.

பண விஷயம் இப்படி முடிந்தது. அகேட்டுக்கு வாங்கிய கூடுதல் கட்டணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள், பகுப்பாய்வுக் கட்டணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். பாதி விலையில் மறுபடி அரைத்துத் தருகிறோம் என்றார்கள். எந்த மில்லில் என்று கேட்டேன், பதில் இல்லை. பாதிக் கற்களை இப்போது வேறொரு பல்கலைக்கழகத் துறையில் அகேட்டில் அரைத்துக்கொண்டிருக்கிறேன். பெல்லோஷிப் காலம் நீளும், வேறு வழியில்லை.

தனியார் இடத்தில் "அகேட்" என்று சொல்லி அரைத்த டேட்டா ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்கள், டங்ஸ்டன், கோபால்ட் இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராகப் புள்ளி வைத்துப் பாருங்கள். சாதாரணக் கல்லில் அவை இரண்டும் கைகோத்து ஏறுவதற்குக் காரணமில்லை. டங்ஸ்டன் எண்ணே தரவில்லை என்றால் கேளுங்கள், அதே ஓட்டத்தில் கருவி அதையும் அளந்திருக்க வாய்ப்புண்டு. மீதிப் பொடி இருந்தால் கொஞ்சம் வெள்ளைத்தாளில் கொட்டிப் பாருங்கள்.