ஐந்து ரோட்டில் ‘கூகுளில் பெயர் நீக்கும்’ சேவை
தம்பி மேல் போட்ட வழக்கில் அவன் குற்றமற்றவன் என்று விடுதலையாகிவிட்டான். ஆனாலும் பெயரைக் கூகுளில் தட்டினால் அந்தத் தீர்ப்புதான் முதலில் வந்து நிற்கும். பெண் வீட்டார் தேடாமல் இருப்பார்களா? சேலம் ஐந்து ரோட்டில் ஒரு நிறுவனம் ‘முழுசா அழிச்சுத் தர்றோம்’ என்று முன்பணம் வாங்கியது. செய்ததெல்லாம், அவன் பெயரில் புதுப் பக்கங்களை ஏற்றித் தீர்ப்பைக் கீழே தள்ளியதுதான். ஊர்ப் பெயரும் சேர்த்துத் தேடினால் அப்படியே மேலே வருகிறது.

கூகுளிலிருந்து எடுத்தாலும் தீர்ப்பு ஏற்றிய தளத்தில் அது இருக்கும் என்று அஸ்தம்பட்டி கோர்ட் பக்கத்து வக்கீல் அக்காதான் பொறுமையாக விளக்கினார். 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம், விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பில் மறைக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. இதையெல்லாம் மறைத்துக் காசு வாங்குவது அநியாயம். நேராக வக்கீலிடமே போங்கள். அந்த அக்கா கட்டணத்தைக்கூட முதலிலேயே எழுதிக் கொடுக்கிறார்.