புதிய பெல்லட் அடுப்பில் கண்ணாடி கறுக்கிறதா? குறை அடுப்பிலா, குழாயிலா?

8 கிலோவாட் திறனும் 80 மி.மீ. புகைக்குழாயும் கொண்ட பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைத் துண்டு) அடுப்புகளைப் பற்றி வாங்கிய சில நாட்களிலேயே வரும் புகார் பெரும்பாலும் இதுதான்: தீ சோம்பலாக எரிகிறது, கண்ணாடி கறுத்துப்போகிறது, எரிகிண்ணத்தில் பாதி வெந்த பெல்லட் குவிகிறது. இந்த வகை அடுப்புக்கு எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. கூடவே வரும் கையேட்டுக்கு இரண்டுதான். தீ சரியில்லை என்றால் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை அதில் இல்லை. அதனால் பலரும் நேராக அடுப்பின் மெனுவுக்குப் போய் பெல்லட் ஊட்டும் அளவை மாற்றத் தொடங்குகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

முதலில், எதெல்லாம் பழுது இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். முதல் சில தடவை எரிக்கும்போது வரும் பெயின்ட் நாற்றம் இயல்பானது. ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும். முதல் பற்றவைப்பு தோற்பதும் இயல்புதான். ஆகர், அதாவது பெல்லட்டைத் தள்ளிவரும் திருகு, காலியாக இருக்கும். அது நிரம்பிப் பெல்லட் கிண்ணத்தில் விழுவதற்குள் பற்றவைக்கும் நேரம் முடிந்துவிடும். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு மறுபடி தொடங்கலாம். எடுத்த பெல்லட்டை ஹாப்பரில், அதாவது பெல்லட் நிரப்பும் தொட்டியில், திருப்பிப் போடக் கூடாது. உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ஒரு துண்டு போதும், ஹாப்பரே பற்றிக்கொள்ளும்.

தீயைப் பார்த்தே பாதி விஷயம் சொல்லிவிடலாம். நல்ல தீ வெளிர் மஞ்சளாகத் துடிப்போடு எழும். சாம்பல் வெளிர் சாம்பல் நிறத்தில் மாவுபோல இருக்கும். நீளமாக, ஆரஞ்சு நிறத்தில், நுனியில் கரிப்புகையோடு அசைந்தாடும் தீ என்றால் காற்று போதவில்லை. தீ குட்டையாகச் சீறி, எரியாத பெல்லட்டும் பொறியும் கிண்ணத்தைவிட்டு வெளியே தெறித்தால் காற்று அதிகம். நாள் முழுக்க எரித்தபின் கண்ணாடியில் மெல்லிய பழுப்புப் படலம் வருவதைக் குறையாக எண்ண வேண்டாம். ஓரிரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று ஆனால்தான் கவலை.

அடுப்பு முழுக்க ஆறியபின், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு எரிகிண்ணத்திலிருந்து தொடங்குங்கள். துளை ஒவ்வொன்றிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். கிண்ணம் தன் இருக்கையில் ஆடாமல், இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். கிண்ணத்துக்கு அடியில் ஒரு சிட்டிகை சாம்பல் சிக்கி அது லேசாகத் தூக்கி நின்றாலே, துளை வழியாக மேலே வர வேண்டிய காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். புது அடுப்பில் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும்: வண்டியில் குலுங்கி இடம் மாறிய உட்புறத் தகடுகள், காற்று நுழைவாயிலில் எடுக்காமல் விட்ட பேக்கிங் மூடி. கதவு கேஸ்கெட்டை (கதவோரம் காற்று கசியாமல் அடைக்கும் பட்டை) சோதிக்க ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் தாள் எளிதாக வருகிறதோ அங்கே கசிவு. கதவு வழியாகக் கசியும் காற்று கிண்ணத்தைத் தொடாமலே புகைவிசிறிக்குப் போய்விடும். தீ பட்டினி கிடக்கும்.

இதுவரை எல்லாம் சரி என்றால், சந்தேகம் குழாயின் மேல்தான். பொருத்துபவர்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுவே. இந்த அடுப்புகளில் புகையைத் தள்ளுவது சிறிய விசிறி. ஒவ்வொரு வளைவும் அதன் பலத்தைத் தின்னும். 3 அங்குலக் குழாய்க்கு ஒரு பழைய கணக்கு உண்டு, 80 மி.மீ.க்கும் அது ஏறக்குறைய பொருந்தும்: 90 பாகை எல்போவோ (வளைவுத் துண்டு) டீயோ (T வடிவ இணைப்பு) ஒன்றுக்கு 5 அடி, 45 பாகை எல்போவுக்கு 3 அடி, கிடைமட்டமாக ஓடும் ஒவ்வொரு அடிக்கும் 1 அடி, செங்குத்தாக ஏறும் ஒவ்வொரு அடிக்கும் அரை அடி. கூட்டுத்தொகை 15ஐத் தாண்டினால் 4 அங்குலக் குழாய் வேண்டும். ஒரு டீ, இரண்டு எல்போ, 4 அடி கிடைமட்டம் என்று போட்டுப் பாருங்கள்: 19 வந்துவிட்டது. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத பொருத்துதல், ஆனால் அந்த விசிறிக்குத் தாங்காது. இரண்டு 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 பாகை போட்டால் அதிலேயே 4 அடி மிச்சம். டீயின் அடி மூடி இறுகியிருக்கிறதா, ஒவ்வொரு இணைப்பிலும் சிலிகான் வளையம் இருக்கிறதா, வெளிமுனையில் வலை இருந்தால் அதில் சாம்பல் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். விசிறி தள்ளும் புகை என்பதால் இணைப்பு தளர்ந்தால் அறைக்குள்தான் வரும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இந்த அடுப்பை ஓட்டவே கூடாது.

வெளிக்காற்றுக் குழாய் இல்லாமல் அறைக்காற்றையே எடுக்கும்படி பொருத்தியிருந்தால், எளிய சோதனை ஒன்று உண்டு. தீ மந்தமாக இருக்கும்போது அடுப்புக்கு அருகிலுள்ள ஜன்னலைத் திறங்கள். சில நிமிடங்களில் தீ உயிர்பெற்றால் அடுப்பின் மீது தவறில்லை. வீடு இறுக்கமாக இருக்கிறது, அல்லது சமையலறைப் புகைபோக்கி காற்றை இழுத்துக்கொள்கிறது. வெளிக்காற்றுக் குழாய் போடுவதே தீர்வு.

பெல்லட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈஎன்பிளஸ் ஏ1 (பெல்லட்டுக்கான ஐரோப்பியத் தரச்சான்று) தரம் என்றால் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள், சாம்பல் 0.7 சதவீதத்துக்குள். நல்ல பெல்லட் தண்ணீரில் மூழ்கும், உடைத்தால் சடக்கென்று முறியும். மூட்டையின் அடியில் சேரும் தூளை ஹாப்பரில் கொட்ட வேண்டாம். வேறொரு நல்ல மூட்டையைப் போட்டும் தீ மாறவில்லை என்றால் பெல்லட்டைக் குறை சொல்வதை நிறுத்திவிடலாம்.

இத்தனைக்கும் பிறகுதான் மெனு. 8 கிலோவாட் அடுப்பு முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 1.8 கிலோ எரிக்கும். ஹாப்பரில் எடைபோட்டுப் பெல்லட் இட்டு, ஒரு மணி நேரம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். 2.3 கிலோ போகிறது என்றால் உண்மையிலேயே ஊட்டம் அதிகம். ஒரு படி குறைத்து, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஊட்டத்தையும் விசிறியையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. விசிறி வேகமும் இழுவை அழுத்தமும் உள்ள தொழில்நுட்ப மெனுவை, மானோமீட்டரோடு (அழுத்தம் அளக்கும் கருவி) வரும் ஆளிடம் விடுவது நல்லது. கருவி இல்லாமல் கண்ணால் பார்த்தே சரிசெய்கிறேன் என்பவரை நம்பிப் பணம் தர வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. கிண்ணம் நிரம்பி வழிந்து, தீ இல்லாமல் உள்ளே வெள்ளைப்புகை மட்டும் அடர்ந்தால் கதவைத் திறக்காதீர்கள், பிளக்கையும் பிடுங்காதீர்கள். விசிறி நின்றால் அந்த வாயு உள்ளேயே தங்கி, ஒரே நொடியில் பற்றி வெடிக்கும். அணைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, புகை வெளியேறும்வரை தள்ளி நில்லுங்கள்.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு: உள்வரும் காற்றை அளந்து விசிறி வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் சென்சார் உள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், நீளக் குழாயின் குறையை அது ஓரளவு ஈடுகட்டும். வைஃபை, குரல் கட்டளை போன்றவற்றுக்குத் தனியாகப் பணம் கொடுப்பது வீண். விலை பேசும்போதே, பொருத்திய அன்று முழு வேகத்திலும் குறைந்த வேகத்திலும் புகைக்குழாய் இழுவையை அளந்து எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். தர மறுக்கும் கடையில் அடுப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.