ஒரு பென்டிரைவ், மூன்று ஓஎஸ்: வெட்டலாமா, வேண்டாமா?

வீட்டில் விண்டோஸ் டெஸ்க்டாப், ஆபீசில் கொடுத்த மேக், அப்புறம் ஆசைக்கு ஒரு உபுண்டு லேப்டாப். இந்த மூன்றுக்கும் நடுவே அல்லாடுவது ஒரே ஒரு 64 ஜிபி பென்டிரைவ். இப்படி இருக்கிற எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் வருகிற யோசனை எனக்கும் வந்தது: ஆளுக்கொரு பார்ட்டிஷன், அதாவது தனித்தனி பாகம், போட்டுவிட்டால் என்ன? ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை (ஃபைல் சிஸ்டம்) ஓஎஸ்ஸுக்கு ஓஎஸ் வேறு: விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ், மேக்குக்கு அதன் சொந்த ஏபிஎஃப்எஸ், உபுண்டு போன்ற லினக்ஸுக்கு எக்ஸ்ட்4. பாகப்பிரிவினை செய்தாயிற்று, இனி தகராறு இல்லை என்று நினைத்தேன்.

ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது, பாகம் பிரித்த வீட்டில் பொது நடைபாதை விடவில்லை என்று. லினக்ஸ் பாகத்தில் வைத்த ஃபைலை மற்ற இரண்டும் பார்க்காது. மேக் பாகம் மேக்குக்கு மட்டும்தான். விண்டோஸ் பாகத்தை மேக் படிக்கும், எழுத விடாது. ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் கொண்டுபோகத்தானே பென்டிரைவ்?

சரி, அடுத்தது: வெட்டவே வேண்டாம், முழுக்க எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம். மைக்ரோசாஃப்ட் 2006இல் ஃபிளாஷ் சாதனங்களுக்கென்றே கொண்டுவந்தது இது. மேக்கில் 2010லேயே, 10.6.5 பதிப்பில், வந்துவிட்டது. லினக்ஸில்தான் காப்புரிமைச் சிக்கலால் வெகுகாலம் இழுபறி. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பைப் பொதுவில் வெளியிட்டது, 2020இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.7 பதிப்பில் சாம்சங் எழுதிய டிரைவர் உள்ளே சேர்ந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட ‘முதலில் அந்த பேக்கேஜைப் போடு, இந்த பேக்கேஜைப் போடு’ அறிவுரைகள் இன்னும் கூகுளில் மேலே வந்து நிற்கின்றன, இன்றைய உபுண்டுவுக்கு அதெல்லாம் தேவையில்லை, செருகினால் திறக்கும்.

எக்ஸ்ஃபேட்டின் குறை என்னவென்றால் ஜர்னலிங், அதாவது செய்கிற மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி, கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால், எங்கே விட்டோம் என்று அதற்கு நினைவிருக்காது. லினக்ஸில் இது இன்னும் ஏமாற்று வேலை: காப்பி முடிந்துவிட்டதாகத் திரை சொல்லும், ஆனால் பாதி டேட்டா ராமில்தான் உட்கார்ந்திருக்கும். எஜெக்ட் கொடுத்து, அது சரி என்று சொல்லும்வரை கை வைக்கக் கூடாது. இன்னொன்று, லினக்ஸின் பர்மிஷன்களும் (ஃபைலை யார் தொடலாம் என்ற அனுமதி) சிம்லிங்க்குகளும் (வேறு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) எக்ஸ்ஃபேட்டில் நிற்காது. ப்ராஜெக்ட் ஃபோல்டரைக் கொண்டுபோவதானால் டார் என்ற கட்டளையால் ஒரே ஃபைலாக்கி எடுத்துப்போங்கள், பிரச்சினை தீர்ந்தது. இதற்காக மட்டும் எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் போடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

ஃபேட்32 தாத்தா காலத்துச் சங்கதி, 1996இல் விண்டோஸ் 95இன் ஒரு பிந்தைய வெளியீட்டோடு வந்தது. அதைப் படிக்காத சாதனத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்: டிவி, கார் ஸ்டீரியோ, பிரிண்டர், பயாஸ் அப்டேட், எல்லாம் படிக்கும். ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக் கூடாது. கல்யாண வீடியோவை ஏற்றும்போது, பென்டிரைவில் 50 ஜிபி காலியாக இருந்தும் ‘ஃபைல் ரொம்பப் பெரிது’ என்று விண்டோஸ் சொல்வது இதனால்தான். 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 போட விண்டோஸின் ஃபார்மேட் பெட்டி விடாததும் பலரைக் குழப்பும். அது ஃபேட்32இன் வரம்பே இல்லை, அந்தப் பெட்டியின் வரம்பு. 1994 வாக்கில் மைக்ரோசாஃப்டில் அதை எழுதிய டேவ் பிளம்மர், தற்காலிக ஏற்பாடாகத்தான் செய்தேன் என்று பின்னால் அவரே சொன்னார். தற்காலிகமாகச் செய்ததுதான் நிலைத்து நிற்கும் போல. ரூஃபஸ் போன்ற இலவச ஃபார்மேட் கருவியிலோ லினக்ஸிலோ செய்தால் 64 ஜிபிக்கும் ஃபேட்32 தாராளமாகப் போடலாம்.

என்டிஎஃப்எஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேக் இருந்தால் விட்டுவிடுங்கள். விண்டோஸும் லினக்ஸும் மட்டும் என்றால் பரவாயில்லை, ஜர்னலிங் உண்டு, 2021இல் கெர்னல் 5.15லிருந்து லினக்ஸுக்குள்ளேயே எழுதும் டிரைவரும் உண்டு; ஆனால் விண்டோஸில் ஒழுங்காக எஜெக்ட் செய்யாமல் எடுத்து வந்தால் லினக்ஸ் சில சமயம் எழுத மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

இப்போது மறுபடி வெட்டும் விஷயத்துக்கு வருகிறேன். வெட்டவே கூடாது என்று சொல்லவில்லை, கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் நான் கோட்டைவிட்டேன். ஓஎஸ் கணக்கில் வெட்டினேன். மூன்று ஓஎஸ்ஸும் எக்ஸ்ஃபேட்டில் ஒத்துப்போகும்போது அங்கே கோடே தேவையில்லை. ஒத்துவராதது பழைய டிவியும் கார் ஸ்டீரியோவும்தான். இருப்பதிலேயே மக்கு சாதனம் எதுவோ அதற்கு ஒரு சின்ன ஃபேட்32 பாகம், மீதி முழுக்க எக்ஸ்ஃபேட். இந்த வெட்டுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது.

அப்படிச் செய்தால் வரிசை முக்கியம். ஃபேட்32 பாகம் முதலில் இருக்கட்டும், ஏனென்றால் இந்த மாதிரிப் பெட்டிகள் பல முதல் பார்ட்டிஷனைத் தாண்டிப் பார்ப்பதில்லை. விண்டோஸே 2017 வரை அப்படித்தான் இருந்தது: விண்டோஸ் 10இன் 1703 பதிப்புக்கு முன்னால், பென்டிரைவில் எத்தனை பாகம் போட்டாலும் முதல் ஒன்றைத்தான் காட்டும். எந்தப் பாகம் எங்கே என்று குறித்துவைக்கும் பார்ட்டிஷன் டேபிளும் பழைய வகையான எம்பிஆராக இருக்கட்டும், பழைய சாதனங்களுக்குப் புதிய வகையான ஜிபிடி புரியாது. மேக்கின் டிஸ்க் யுட்டிலிட்டியில் வியூ மெனுவில் எல்லா டிவைஸையும் காட்டச் சொல்லி, பாகத்தை அல்ல, பென்டிரைவையே தேர்ந்தெடுத்தால்தான் அந்தத் தேர்வு கண்ணில் படும்.

முக்கியமான இன்னொன்று: அளவை முதலிலேயே யோசித்து முடிவு செய்யுங்கள். எக்ஸ்ஃபேட்டைச் சுருக்கவோ பெரிதாக்கவோ விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டுக்கும் தெரியாது, லினக்ஸின் பார்ட்டிஷன் கருவியான ஜிபார்ட்டடுக்கும் தெரியாது. ஃபேட்32 பாகத்துக்கு 8 ஜிபி கொடுத்து, ஆறு மாதம் கழித்து அது போதவில்லை என்றால் எல்லாவற்றையும் வேறிடத்தில் இறக்கி, அழித்து, முதலிலிருந்துதான்.

லினக்ஸ் இன்ஸ்டால் செய்யவும் அதே பென்டிரைவ் வேண்டும் என்றால் கையால் வெட்டாதீர்கள், பென்டிரைவிலிருந்து பூட் செய்ய உதவும் வென்டாய் என்ற இலவசக் கருவியைப் போடுங்கள். அது தானே பெரிய எக்ஸ்ஃபேட் பாகம் ஒன்றும், கடைசியில் 32 எம்பிக்குத் தன் பூட் பாகம் ஒன்றும் போட்டுக்கொள்ளும். இன்ஸ்டால் செய்ய வேண்டிய ஓஎஸ்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலைப் பெரிய பாகத்தில் சும்மா காப்பி செய்தால் போதும், பூட் மெனுவில் வந்து நிற்கும். அதே பாகத்தில் உங்கள் ஃபைல்களும் இருக்கலாம். என் கணக்கில் இந்தப் போட்டியில் நியாயமாக வெல்வது இதுதான், என்ன, செக்யூர் பூட் (அங்கீகரித்த மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் பாதுகாப்பு) இருக்கும் மெஷினில் முதல் முறை சாவி சேர்க்கும் ஒரு சின்னச் சடங்கு உண்டு.

எக்ஸ்ட்4 பாகத்தால் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்தேன். அங்கே விண்டோஸுக்கு எக்ஸ்ட்4 புரியவில்லை, ‘இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று பெட்டி காட்டியது. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரின் மெமரி கார்டை விண்டோஸில் செருகியவர்களுக்கு இந்தப் பெட்டி நன்றாகத் தெரியும். கடையில் இருந்த பையன் பாவம், பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், ஓகே ஓகே என்று தட்டிக்கொண்டே போய்விட்டான். ஒரு மாத ஸ்கிரிப்ட் எல்லாம் போச்சு. வேறு பார்ட்டிஷனில் ஒரு காப்பி வைத்திருந்தால் இந்தத் தடவை பிழைத்திருக்கும், ஆனால் அதை பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள்; எத்தனை பாகம் போட்டாலும் உள்ளே இருப்பது பென்டிரைவை இயக்கும் ஒரே கன்ட்ரோலர் சிப், அது செத்தால் எல்லாம் ஒன்றாகப் போகும்.

இப்போது 64 ஜிபியில் வென்டாய், அது வீட்டுக்கும் ஆபீசுக்கும். டிராயரில் கிடந்த 8 ஜிபி பென்டிரைவ் முழுக்க ஃபேட்32, அது காருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும். அதில் நாலு பாட்டு ஃபோல்டரும் இரண்டு பிடிஎஃப்பும்தான் இருக்கின்றன, எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓகே தட்டட்டும்.